சீருடைக்கு முன் ஒரு சேவை: ஊர்க்காவல் படை சொல்லும் வரலாறு

மந்தைவெளியில் எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், அண்மையில் அஸர் தொழுகைக்குப் பின் தம் தந்தையாருடன் எம்மைச் சந்தித்தார். காவல்துறைத் தேர்வு எழுத எண்ணியிருக்கும் அவர், அதற்கு முன் ஏதேனும் ஓர் அவசரகாலத் தொண்டில் சேர விரும்பினார். எதில் சேர்வது என்பதே அவரது கேள்வி. தந்தையாரின் கேள்வி வேறு: "நிரந்தரச் சம்பளம் இல்லாத வேலையில் பிள்ளை ஏன் காலத்தைக் கழிக்க வேண்டும், ஹஜ்ரத்?" இரண்டு கேள்விகளுக்கும் வரலாறு விடை தருகிறது.

ஊர்க்காவல் படை முதன்முதலில் அமைக்கப்பட்டது பம்பாயில், 1946 டிசம்பர் 6 அன்று. வகுப்புக் கலவரங்கள் அந்நகரைச் சுட்டெரித்த காலம் அது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த வேளையில், காவல்துறைக்குத் துணைநிற்க அந்த மக்களிடமிருந்தே தன்னார்வலர்கள் திரட்டப்பட்டனர். இன்றும் டிசம்பர் 6 இப்படையின் அமைப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. 1962இல் சீனப் போர் மூண்டபின், மாநிலந்தோறும் வெவ்வேறு பெயர்களில் இருந்த தன்னார்வப் படைகளை ஒரே முறையில் அமைக்குமாறு மத்திய அரசு அறிவுறுத்தியது. நம் மாநிலத்தில் 1963இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இப்படையினர் போக்குவரத்தைச் சீர்செய்கின்றனர். திருவிழாக் கூட்டங்களிலும் தேர்தல்களிலும் காவலர்களுக்குத் துணை நிற்கின்றனர். புயல், வெள்ளம், தீ விபத்து ஆகியவற்றின்போது மீட்புப் பணிக்கும் அழைக்கப்படுகின்றனர். எனவே, காவலராக விரும்பும் இளைஞர் அப்பணியின் வெயிலையும் இரவையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள இதைவிட நெருக்கமான இடம் இல்லை.

வேறு வழிகளும் உண்டு. இங்கிலாந்தில் 1877இல் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு, நம் நாட்டிலும் முதலுதவிப் பயிற்சி அளித்து வருகிறது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் குடிமைப் பாதுகாப்பு அமைப்பும் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கிறது. காயத்துக்குக் கட்டுப்போடுவதில் மனம் செல்பவர் முதலுதவியைத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டத்தின் நடுவே பொறுமையுடன் நிற்க இயலுமா என்று தம்மைச் சோதிக்க விரும்புபவருக்கு ஊர்க்காவல் படையே பொருத்தமானது.

தந்தையாரின் கவலையும் நியாயமானதே. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஊர்க்காவல் படையினர் பணி நிரந்தரம் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், 30 நாள் பணிக்கான படித்தொகை காவலரின் குறைந்தபட்ச மாத ஊதியத்துக்கு இணையாக அமைய வேண்டும் என்றும் கூறியது. ஆகவே இது குடும்பத்தைத் தாங்கும் உத்தியோகம் அன்று. இதில் சேர்ந்துவிட்டால் காவல்துறை வேலை உறுதி என்று எண்ணுவதும் பிழை. எழுத்துத் தேர்வுக்கான படிப்பையும் உடற்பயிற்சியையும் கைவிடாமல்தான் இதில் ஈடுபட வேண்டும்.

அவ்வாறாயின் பயன் என்ன? மதீனாவில் ஓர் இரவு பெருஞ்சத்தம் கேட்டு மக்கள் அஞ்சினர். சத்தம் வந்த திசை நோக்கி அவர்கள் புறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அபூ தல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணமின்றித் தனியே சென்று பார்த்துவிட்டு, அஞ்ச வேண்டாம் என்று கூறியபடி எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பிறர் அச்சம் தீரத் தாம் முந்திச் செல்லும் அந்தக் குணத்தை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் அளந்து காட்டாது.

மந்தைவெளியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் மயிலாப்பூர்க் கோயில் வீதிகளும் சாந்தோம் தேவாலயமும் உள்ளன. அறுபத்து மூவர் விழாவின் நெரிசலில் வழிதவறிய ஒரு குழந்தையை நம் வீட்டுப் பிள்ளை தாயிடம் சேர்க்கட்டும். நம் பெருநாள் தொழுகையின்போது அண்டை வீட்டுப் பிள்ளை வீதியில் வாகனங்களை ஒழுங்கு செய்யட்டும். 1946இல் பம்பாய் இழந்து தவித்தது இந்த நம்பிக்கையைத்தான். அதைச் சீருடை அணியும் முன்பே பழகிக்கொண்டவர், அணிந்தபின் எளிதில் மறக்கமாட்டார்.

அம்மாணவரிடம், ஊர்க்காவல் படைக்கு விண்ணப்பிக்குமாறும், அதற்கு முன் தம் நிய்யத்தைச் சரிபார்த்துக்கொள்ளுமாறும் கூறினோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பிறர் அச்சம் தீர்ப்பவர்களாக ஆக்குவானாக.