சிறுபடை வெற்றி: திண்டுக்கல் வட்டாரம்

ஆள்பலத்தில் குறைந்த படை பெரும்படையை முறியடிப்பது போர் வரலாற்றில் புதிதல்ல. எதிரியின் முழுப்படையும் ஒரே நேரத்தில் கைகலக்க முடியாதபடி செய்வதே அதன் சூட்சுமம். நிலம் அதற்கு எப்படித் துணைநிற்கும் என்பதைத் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் போல் விளக்கமாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் அரிது.

ஊரின் மேற்கே, சமவெளியில் திடீரென எழும் தனிப்பாறை அது. 1605-இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் அங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினார். திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். கிழக்கைத் தவிர மற்ற பக்கங்கள் செங்குத்து. கிழக்கே பாறையில் வெட்டிய படிகளே வழி. அடிவாரத்தில் எத்தனை ஆயிரம் பேர் திரண்டாலும் படியில் முன்னால் வருபவர் சிலர்தான். மேலிருப்போர் அந்தச் சிலரைச் சமாளித்தால் போதும்.

1790 ஆகஸ்டில் இது மெய்ப்பட்டது. கர்னல் ஸ்டூவர்ட் தலைமையிலான ஆங்கிலேயப் படை பீரங்கியால் மதிலைத் தகர்த்து ஏறியபோது, கோட்டையில் இருந்த மைசூர் திப்பு சுல்தானின் காவற்படை அதை அடித்து விரட்டியது. ஆங்கிலேயரிடம் வெடிமருந்து தீரும் நிலை. ஆனால் மேலே இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஆகஸ்ட் 22-இல் அவர்கள் சரணடைந்தனர். பாறை தோற்கவில்லை, மனம் தளர்ந்தது.

அதற்கு முன், 1755-இல் திண்டுக்கல் பவுஜ்தாராக (படை ஆளுநராக) வந்த திப்புவின் தந்தை ஐதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பழனி, விருப்பாச்சி முதலிய பாளையங்கள் தனித்தனியே நின்றதால், ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு அடங்கின.

நிலம் மட்டுமல்ல, பயிற்சியும் சிறுபடைக்கு வலிமை; அதற்குச் சென்னை சாட்சி. 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் பாரடிஸ் என்ற பிரெஞ்சுத் தளபதி, ஏறத்தாழ ஆயிரம் பேருடன் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பத்தாயிரம் பேரைச் சிதறடித்தார். நவாபின் பீரங்கிகள் மறுபடி நிரப்ப நெடுநேரம் பிடிக்கும். பிரெஞ்சு வரிசையின் துப்பாக்கிகளோ ஓயாமல் முழங்கின. ஆற்றில் இறங்கிக் கடந்து வந்தவர்களைக் கண்டதுமே நவாபின் குதிரைப்படை கலைந்தது.

ஆள் குறைந்தவர் நட்பைத் தேடியும் வெல்லலாம். 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார், விருப்பாச்சியில் அதன் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கி, ஐதரின் படையுதவி பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். அதே கோபால நாயக்கர் ஆங்கிலேயருக்கு எதிராகப் பாளையங்களை ஒருங்கிணைத்தும், 1800 ஜூனில் கோவையைத் தாக்கும் திட்டம் குலைந்தது; 1801-இல் அந்த வீரர் தூக்கிலிடப்பட்டார்.

திண்டுக்கல் கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது.