வாத்தியாரும் களைச்செடியும்

சரித்திரம் என்றால் மன்னர்களும் போர்களும்தான் என்று எண்ணுகிறோம். நான் சொல்லப்போவது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சரித்திரம்.

கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1865-ல் ஜெர்மனியில் பிறந்தார். இளமையில் இரும்பு வார்ப்படப் பட்டறையில் தொழில் பழகியவர். பின்னால் பெர்லின் கலைத்தொழில் பள்ளியில், செடிகளைப் பார்த்து உருவம் வனையக் கற்பித்தார்.

பறித்த செடி பாடம் முடிவதற்குள் வாடிவிடும். அதன் நுணுக்கமோ கண்ணுக்கு எட்டாது. ஆகவே, பாதையோரத்திலும் ரயில் கரையிலும் முளைத்த களைகளைக் கொண்டுவந்து, தாமே அமைத்த காமிராவில், முப்பது மடங்கு வரை பெரிதாகப் படம் பிடித்தார். பெரணியின் சுருண்ட தளிர் கிறிஸ்தவ மேற்றிராணியார் கைக்கோலாயிற்று. குதிரைவால் பூண்டின் நுனி கோபுரமாக நின்றது.

ஏறக்குறைய முப்பது வருஷம் அவை வகுப்புக்கான பாடப் படங்களே. 1926-ல் பெர்லினில் கலைப்பொருள் வியாபாரி ஒருவர் அவற்றைக் கண்காட்சியில் வைத்தார். 1928-ல் ‘கலையின் மூல வடிவங்கள்’ என்ற புத்தகம் வெளிவந்தது. கீர்த்தி வந்தபோது வாத்தியாருக்கு வயது 63, 1932-ல் காலமானார்.

பையன்களுக்குக் காட்டவேண்டுமே என்ற ஒரே கவலையில் களைச்செடியை இத்தனை காலம் உற்றுப் பார்த்திருக்கிறார் மனிதர்! கதை அச்சேறுமுன்பே பாராட்டுக் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்க்கும் எனக்கு, அந்தப் பொறுமையின்மேல் பொறாமைதான்.