திசைச்சொல்லும் உயிர்க்காவலும்

உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றெனப் போற்றப்படுவது ஈழத்தின் கீழ்க்கரையிலுள்ள திருகோணமலை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் நாடிவந்த இத்துறையின் வரலாறு, பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவும் கப்பற்படைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. ஆயின், அவ்வரலாற்றின் ஒரு பகுதி மக்களின் நாவிலும் தங்கியுள்ளது. கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கேயர் வழிவந்த சொற்கள். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் வழிவந்தவை. ஆங்கிலேயர் ‘ஓர்ஸ் ஹில்’ என்ற குன்று தமிழர் வாயில் உவர்மலை ஆயிற்று. அவர்கள் ‘சைனா பே’ என்ற இடம் தமிழில் சீனன்குடா; சிங்களத்தில் சீனவராய.

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் திசைச்சொல்லை ஆராய்வது புலவர்க்குரிய பொழுதுபோக்கு எனச் சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. நேருக்கு நேர் நின்று பேசுவோனுக்குக் கையும் கண்ணும் துணைசெய்யும். நோவுள்ள இடத்தைத் தொட்டுக் காட்டலாம். குரல் மட்டுமே தொலைவிலிருந்து வந்து சேரும்போது, சொல் ஒன்றே துணையாகின்றது. அச்சொல் விளங்காவிடின் உயிருக்கே இடராகும்.

இவ்விடரை முதலில் உணர்ந்தோர் கடலோடிகள் எனலாம். பல நாட்டு மாலுமிகளும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும்பொருட்டு 1857இல் கப்பற் சங்கேத நூல் ஒன்றை ஆங்கிலேயர் வெளியிட்டனர். 1931இல் திருத்தப்பட்ட பதிப்பில் மருத்துவத்திற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. ‘டபிள்யூ’ என்னும் எழுத்துக்குரிய கொடியை ஒரு கப்பல் ஏற்றுமாயின், ‘எனக்கு மருத்துவ உதவி தேவை’ என்பது அதன் பொருள். கிரேக்க மாலுமியும் யப்பானிய மாலுமியும் இதனை ஒருங்கே உணர்வர்.

தொலைவிலிருந்து வரும் செய்தியின் அருமையைத் திருகோணமலை நன்கறியும். 1942 ஏப்ரல் 8ஆம் நாள் யப்பானியக் கப்பற்படை நெருங்குகின்றது என்ற செய்தி விமானத்திலிருந்து கிடைத்தமையாலேயே, அன்றிரவு கப்பல்கள் துறையைவிட்டு அகற்றப்பட்டன. மறுநாள் துறைமுகம் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. வெளியேறியிருந்த ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வேளை அண்மையிலிருந்த ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் பல நூற்றுவரை மீட்டது.

ஆயினும், சங்கேதம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதன்று. அமெரிக்க நாட்டிலே வானொலிவழிச் செய்தியைச் சுருக்கும்பொருட்டு, பத்து என்னும் எண்ணில் தொடங்கும் குறியீடுகள் 1930களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்டன. காலப்போக்கில் ஒரே எண் ஓர் ஊரில் ஒரு பொருளையும் அயலூரில் வேறொரு பொருளையும் தரலாயிற்று. எண்ணும் திசைச்சொல்லாகிவிட்டது! பல ஊர்ப் பணியாளர் ஒருங்குகூடும் பேரிடர்களில் இது குழப்பம் விளைவித்தமையால், அத்தகைய வேளைகளில் எளிய மொழியிலேயே பேசுதல் வேண்டுமென 2006 அளவில் அந்நாட்டு அரசு பணித்தது.

சங்கேதத்தில் பேசுவோன் பயிற்சி பெற்றவன். நோயாளியோ எப்பயிற்சியும் பெற்றவனல்லன். எனவே இங்கு கேட்போனே கற்றல் வேண்டும். இவ்வுண்மையை ஈழத்தில் செயலிற் காட்டியவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இவ்வமெரிக்கர், மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றினார், தமிழைக் கற்றார், உடற்கூற்று நூலொன்றை 1852இல் தமிழில் வெளியிட்டார், பின்னர் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோயாளி தம் மொழிக்கு வரட்டும் என அவர் காத்திருக்கவில்லை; தாமே நோயாளியின் மொழிக்குச் சென்றார்.

இன்று அவ்விடத்தில் நிற்பவர் தொலைபேசியைச் செவிமடுப்போர். 2016 யூலை 28ஆம் நாள் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய ‘1990 சுவசெரிய’ என்னும் நோயாளர் காவு வண்டிச் சேவை, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. நாடெங்குமிருந்து வரும் அழைப்புக்கள் கொழும்பை அடுத்த நிலையத்தில் ஏற்கப்படுகின்றன. கிண்ணியாவிலிருந்து நள்ளிரவில் ஒரு மகன், “வாப்பாவுக்கு ஏலாது, முட்டு வருகுது” என்பானாயின், கேட்போன் அறிய வேண்டியன யாவை? ‘ஏலாது’ என்பது உடல்நலக் குறைவு. ‘முட்டு’ என்பது மூச்சிழுப்பு. ஈழத்தவர் ‘வருத்தம்’ என்பது நோயை. தமிழகத்தார்க்கோ அது மனத்துயர். ஈழத்தவர் ‘சத்தி’ என்பது வாந்தியை. நோவைக் குறிக்கத் தமிழகத்தார் வழங்கும் ‘வலி’ என்னும் சொல், ஈழத்தில் வலிப்பு நோயையும் குறிக்கும். நெஞ்சு நோவுக்குரிய முதலுதவி வேறு. வலிப்புக்குரிய முதலுதவி வேறு.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. இரவில் பாம்பின் பெயரை வாய்விட்டுக் கூறலாகாது என்னும் வழக்குத் தமிழர் கிராமங்களில் பண்டுதொட்டு நிலவுவது. ‘பூச்சி கடித்தது’ என்றே கூறுவர். இவ்விடக்கரடக்கலை அறியாதவன் எறும்போ குளவியோ எனக் கருதி அமைவான், அறிந்தவன், “எத்தகைய பூச்சி? ஊர்ந்து சென்றதா?” என உடனே வினவுவான். ஒரு வினா ஓர் உயிரைக் காக்கும்.

ஆகவே, ஊர்வழக்குக்களைத் தொகுத்தல் வெறும் மொழியாராய்ச்சியன்று; அஃது அறப்பணி. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி முதலிய ஊர்களின் நோய்ப்பெயர்களையும் இடப்பெயர்களையும் முதியோரிடமும் தாதியரிடமும் கேட்டு, மும்மொழியிலும் பொருள் எழுதி, அழைப்பை ஏற்போரின் கையில் சேர்த்தல் வேண்டும். கல்லூரி மாணவர் விடுமுறை நாள்களிலே ஆற்றத்தக்க தொண்டு இது. கடலோடிக்கு ஒரு கொடி போதியதாயிற்று. கரையில் வாழும் ஏழைக்கோ அவன் தாய் கற்பித்த சொல் ஒன்றே உண்டு. அச்சொல்லைக் கேட்டவுடன் உணரும் செவியை ஆக்குதல் கற்றோர் கடன்.