ரிபப்ளிகன் காங்கிரஸ்

அயர்லாந்தின் இடதுசாரிக் குடியரசு இயக்கம் (1934–1936). ஐரிஷ் குடியரசுப் படையிலிருந்து விலகிய பீடர் ஓ'டோனல், ஃபிராங்க் ரயன், ஜார்ஜ் கில்மோர் முதலியோர் 1934 ஏப்ரலில் அத்லோன் நகரில் கூடித் தொடங்கினர். தேச விடுதலையையும் தொழிலாளர், சிறு விவசாயிகளின் போராட்டத்தையும் பிரிக்க முடியாது என்பது இவர்கள் நிலைப்பாடு.

அந்த ஜூனில், போடன்ஸ்டவுனிலுள்ள ஐரிஷ் விடுதலைத் தலைவர் வுல்ஃப் டோனின் கல்லறைக்கு, இவ்வியக்கத்தை ஆதரித்த பெல்பாஸ்டின் ஷாங்கில் சாலைப் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் பதாகைகளுடன் ஊர்வலமாக வந்தனர். குடியரசுப் படையினரே அவர்களைத் தாக்கிப் பதாகைகளைப் பறிக்க முயன்றனர். மதம் கடந்த ஒற்றுமையை வலியுறுத்திய டோனின் நினைவு நாளில் இது நடந்தது வெட்கக்கேடு.

செப்டம்பரில் டப்ளினின் ராத்மைன்ஸ் மாநாட்டில் இயக்கம் பிளந்தது. குடியரசு, தொழிலாளர் அமைப்புகளை ஒன்றிணைக்கும் ஐக்கிய முன்னணித் தீர்மானம் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்றது. தொழிலாளர் குடியரசே உடனடி முழக்கம் என்ற மைக்கேல் பிரைஸ், ரோடி கானலி அணி வெளியேறியது. எஞ்சியோரில் சிலர் ரயன் தலைமையில் 1936 டிசம்பரில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பில் போரிடச் சென்றனர்.