மன்னர் பட்டம் பெறாத படை

பிரிட்டனின் கடற்படை ராயல் நேவி. 1918 ஏப்ரல் 1-ல் பிறந்த விமானப்படை ராயல் ஏர் ஃபோர்ஸ். தரைப்படை மட்டும் வெறும் பிரிட்டிஷ் ஆர்மி. அதன் வீரர்களும் மன்னருக்குத்தான் விசுவாசப் பிரமாணம் செய்கிறார்கள். அதற்குள் இருக்கும் பீரங்கிப் பிரிவு ராயல் ஆர்ட்டிலரி. பொறியாளர் பிரிவு ராயல் என்ஜினியர்ஸ். ஆனால் மொத்தப் படைக்கு அந்தப் பட்டம் இல்லை. இதற்கான காரணம் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட 1649-லிருந்துதான் தொடங்குகிறது.

சார்லஸை வீழ்த்தியது 1645-ல் நாடாளுமன்றம் திரட்டிய நியூ மாடல் ஆர்மி. 1653-ல் அதே படையின் சிப்பாய்களை அழைத்துவந்து நாடாளுமன்றத்தையே காலி செய்தார் தளபதி ஆலிவர் கிராம்வெல். இரண்டே ஆண்டுகளில் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து மேஜர் ஜெனரல்களிடம் ஒப்படைத்தார். இங்கிலாந்து மக்கள் அந்த ஆட்சியை மறக்கவே இல்லை. 1660-ல் முடியாட்சி திரும்பியதும் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. பின்னர் மன்னரான இரண்டாம் ஜேம்ஸ், லண்டனை ஒட்டிய ஹவுன்ஸ்லோ திடலில் கோடைதோறும் படையைக் கூட்டித் தலைநகரை மிரட்டிப் பார்த்தார். 1688-ல் நாட்டைவிட்டு ஓடினார்.

மன்னர் கையிலும் படை ஆபத்து, தளபதி கையிலும் ஆபத்து என்று இரண்டையும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுதியதுதான் 1689-ன் உரிமைகள் சாசனம். அமைதிக் காலத்தில் நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி நிலைப்படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்றது அது. படைச் சட்டத்தை நாடாளுமன்றம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பிரிட்டிஷ் ஜனநாயகத்தின் மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். கடற்படைமீது இப்படிப்பட்ட அச்சம் எழவில்லை. கடலில் நிற்கும் கப்பல் குடியானவன் வீட்டில் தங்க இடம் கேட்காதே!

இன்னொரு காரணமும் உண்டு. தரைப்படை ஒரே அமைப்பாகப் பிறக்கவில்லை. கர்னல்கள் தனித்தனியே ஆள் திரட்டிய ரெஜிமென்ட்டுகளின் தொகுப்பு அது. நெடுங்காலம் அவை அந்தந்த கர்னலின் பெயரிலேயே வழங்கின. 1751-ல்தான் எண்கள் உறுதியாயின. ஆகவே ராயல் பட்டமும் ரெஜிமென்ட் வாரியாகவே கிடைத்தது.

காமன்வெல்த் நாடுகள் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. இலங்கையில் 1950-ல் ராயல் சிலோன் நேவி, மறு ஆண்டு ராயல் சிலோன் ஏர் ஃபோர்ஸ். தரைப்படை மட்டும் சிலோன் ஆர்மி. 1972-ல் குடியரசானதும் பட்டங்கள் போயின. இந்தியக் கடற்படைக்கும் விமானப்படைக்கும் 1950 ஜனவரி 26-லேயே அவை போய்விட்டன.

கனடாவின் கதை வேறு. 1968-ல் அங்கே மூன்று படைகளையும் ஒன்றாக்கி, எல்லோருக்கும் ஒரே பச்சைச் சீருடை மாட்டினார்கள். கடற்படையினர் கொதித்துப்போனார்கள். பழைய பெயர்கள் திரும்ப 2011 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான் ராயல்; தரைப்படை கனேடியன் ஆர்மிதான்.

மலேசியாவில் ராயல் என்பது பிரிட்டிஷ் முடியைக் குறிப்பதில்லை, அந்நாட்டு மாமன்னரையே குறிக்கிறது. அங்கும் கடற்படையும் விமானப்படையும் அந்தப் பட்டத்தைத் தாங்குகின்றன. தரைப்படைக்குள் ராயல் மலாய் ரெஜிமென்ட் உண்டு. தரைப்படைக்குப் பட்டம் இல்லை.