ஓலையைப் பிடிப்பது யார்?

கோனாபட்டு, ராயவரம், குழிபிறை. செட்டிநாட்டின் இந்த ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. இங்கே ஆச்சிமார் முடைந்த பனையோலைக் கொட்டானைக் காட்டி, “இன்றைக்கு விமானத்துக்குச் செய்யும் கம்போசிட்டை நம்ம ஆட்கள் அன்றைக்கே செய்துவிட்டார்கள்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் நெருடும். பின்னலின் வரலாறு அவ்வளவு நேர்க்கோடாகப் போகவில்லை.

கொட்டானில் ஓலை ஒன்றின் மேலேறி அடுத்ததன் கீழிறங்கும். பசை கிடையாது, ஓலையை ஓலைதான் பிடித்திருக்கிறது. பிறகு வந்த பிளாஸ்டிக் வயர் கூடையிலும் அதே கதைதான்.

கம்போசிட் வேறு. கண்ணாடி அல்லது கார்பன் இழையைத் துணியாக நெய்து, சூட்டில் உருகும் பிளாஸ்டிக்கோடு அழுத்தி ஆறவிட்டால் தகடு கிடைக்கும். 1978இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் இதற்கு உதவும் ‘பீக்’ பிளாஸ்டிக்கை உருவாக்கியது. 2005இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ380இன் இறக்கை முன்விளிம்பில் கண்ணாடி இழையும் பிபிஎஸ் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பாகங்கள் உண்டு.

இந்தத் தகட்டில் இழைகளைப் பிடிப்பது பிளாஸ்டிக். அதனால் பின்னலுக்கு நாம் கொடுக்கும் விலை பளிச்சென்று தெரிகிறது. ஏறி இறங்கும் இழை நெளிந்துதான் கிடக்கும். தகட்டை வளைத்தால் ஒரு முகம் இழுபடும், மறுமுகம் நசுங்கும். நெளிந்த இழை, இழுத்தால் நிமிரப் பார்க்கும்; நசுக்கினால் சீக்கிரமே மடங்கும். ஆகவே, ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவைவிட, நாலு இழை தாண்டி ஒருமுறை மட்டும் இறங்கும் சாட்டின் நெசவு பொதுவாக வளைவை அதிகம் தாங்கும். ட்வில் இரண்டுக்கும் நடுவில்.

துணியின் இந்த நெளிவை 1937இல் கணக்காக எழுதியவர் மான்செஸ்டர் ஷெர்லி இன்ஸ்டிடியூட்டின் பியர்ஸ். தகட்டுக்கான கணக்கை 1982இல் இஷிகாவாவும் சூ-வெய் சௌவும் தந்தார்கள்.

அதற்காகச் சாதா நெசவைத் தூக்கிப்போட முடியாது. பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தும்போது தளர்ந்த நெசவில் இழை இடம் மாறிவிடலாம். நெருக்கமான பின்னல் அசையவிடாது. எந்த நெசவு என்பதை, அந்தப் பாகம் எந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்று பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்கள்.

ஆச்சிமாரும் அப்படித்தான் முடிவுசெய்தார்கள். பசையில்லாமல் சீர்ப் பொருளைத் தாங்க வேண்டிய கொட்டானுக்கு நெருக்கமான பின்னலே சரி. அந்தக் கைவேலையைப் பாராட்ட அதுவே போதும்; அதை விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை.