பசியை அடக்கும் மூலிகைகள்: ஒரு சின்ன வரலாறு

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? 1928ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1937ல் அதை அரசு எடுத்துக் கொண்டது. காசநோய் வந்தால் பசி போய்விடும், உடம்பு இளைத்துவிடும். அதனால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் அன்றைய வைத்தியம். எடை ஏறினால் நோயாளி தேறுகிறார் என்று அர்த்தம்.

அதே சானடோரியத்தில்தான் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. 2005 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இன்று அதே ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து மருந்துக்கடைகளில் எடையைக் குறைக்கும் மூலிகை மாத்திரைகள் கிடைக்கின்றன. பசியைத் தேடிய இடத்தில் பசியை அடக்க மருந்து! இந்த மாத்திரைகள் எங்கிருந்து வந்தன?

முதலில் குடம்புளி. கேரளத்து மீன் குழம்பில் போடுகிற அதே புளிதான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் லூயிஸ், நீலகண்டன் இருவரும் 1965ல் அதிலுள்ள முக்கியமான அமிலம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று கண்டறிந்தார்கள். உடம்பு கொழுப்பைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியை இது தடுக்கிறது என்று பிறகு அமெரிக்காவில் கண்டார்கள். அவ்வளவுதான், மாத்திரை வியாபாரம் சூடு பிடித்தது. ஆனால் 1998ல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு எடை அதிகம் குறையவில்லை. குழம்பில் போடும் அளவு வேறு, மாத்திரையில் அடைக்கும் சாறு வேறு. இந்தச் சாறு கலந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அடுத்தது ஹூடியா. தென்னாப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வாழும் சான் இன மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க மெல்லும் செடி. 1990களில் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கியது, சான் மக்களைக் கேட்காமலேயே! எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2003ல்தான் லாபத்தில் அவர்களுக்கும் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. அதே வருடம் ஃபைசர் நிறுவனம் விலகிக் கொண்டது. 2008ல் யூனிலீவரும் கைவிட்டது.

நம்மூரிலும் ஹூடியாவுக்கு ஒரு சொந்தக்காரச் செடி உண்டு. அதுதான் கள்ளிமுளையான். வறண்ட காட்டில் தானாக முளைப்பது. பஞ்ச காலத்தில் ஏழைகள் வயிற்றை நிரப்பியது, துவையலுக்கும் ஆவது. பெங்களூரில் 50 பேரிடம் 60 நாள் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2007ல் வெளியானது. பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. ஆனால் உடல் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! விளம்பரங்களில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

பலன் இல்லாவிட்டால் பணம் மட்டும்தான் போகும். செடி மாறிப் போனால் உயிரே போகும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடைக்குறைப்பு மையத்தில் சீன மூலிகை கொடுத்தார்கள். 'ஃபாங்ஜி' என்ற பெயரில் இரண்டு வேறு வேறு செடிகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்து சேர்ந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நமது ஆடுதீண்டாப்பாளையும் இதே அரிஸ்டோலோகியா இனம்தான். அதிலும் இந்த அமிலம் உண்டு.

இன்னொரு மோசடியும் உண்டு. மூலிகைக்குள் ரகசியமாக ஆங்கில மருந்தைக் கலப்பது! சிபுட்ரமின் என்ற மருந்து இதயத்துக்கு ஆபத்து என்று 2010ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2011ல் இந்தியாவும் தடை செய்தது. ஆனாலும் 'நூறு சதவீதம் மூலிகை' என்று எழுதிய மாத்திரைகளில் அமெரிக்க அதிகாரிகள் அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். "ஒரே வாரத்தில் பலன்" தெரிந்தால் சந்தோஷப்படுவதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது.

சட்டம் என்ன செய்கிறது? உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ம் வருட மாய மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் உற்பத்தி உரிம எண் வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் வேண்டும். இரண்டும் இல்லாத டப்பாவை வாங்கவே கூடாது. எண் இருந்தாலும் உள்ளே என்ன செடி, எவ்வளவு என்று படிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

'மூலிகைதானே, என்ன ஆகிவிடும்' என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. பிரஸ்ஸல்ஸில் அந்த மாத்திரையை வாங்கியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எட்டியும் அரளியும் கூட மூலிகைதான்!